மூச்சுப் பட்டால் வரும் முகம்

சுமித்திரா அந்தக் கண்ணாடியை வாங்கியபோது, அதற்குள் ஒருவர் இருப்பது அவளுக்குத் தெரியாது. விற்ற நல்லதம்பிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் இன்னும் இரண்டு முட்டை கூடக் கேட்டிருப்பார்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, போர்க்காலம். துணுக்காயில் சுமித்திரா படித்த பள்ளிக்கூடத்துக்கு ஜெயரூபி ரீச்சர் புதிதாக வந்திருந்தார். சனிக்கிழமைகளில் மாமரத்தின் கீழே பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்கப் போவதாகச் சொன்னார்.

"கடுதாசித் தாள் கொண்டுவர வேண்டாம். இப்ப கடுதாசி வாறதே குறைவு," என்றார் ரீச்சர். "புதுசாய்ப் பழகிற ஆக்கள் அழிச்சு அழிச்சுக் கீற வேணும். சிலேற்றோ, பலகையோ, தகரமோ, ஏதோ ஒண்டு. ஆனால் அவரவருக்குச் சொந்தமாய் இருக்க வேணும். ஒண்டை ரெண்டு பேர் இழுத்துப் பிடிச்சுச் சண்டை போடக் கூடாது."

சுமித்திரா வீட்டுக்கு ஓடி வந்து அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா மயில்வாகனம் நெல் விதைக்கிறவர். நெல் விளையாத ஆண்டிலும் நிமிர்ந்துதான் நடப்பார். வயலுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் தோளில் வெள்ளைச் சால்வை இருக்கும்.

"வாங்கு, பிள்ளை. ஆனால் உன்ர கையில இருக்கிறதுக்குள்ள வாங்கு. கடனும் வேண்டாம், இரவலும் வேண்டாம். மயில்வாகனத்தின்ர பிள்ளை ஒருத்தரிட்டக் கை நீட்டினதெண்டு ஒரு கதை வரக் கூடாது."

சுமித்திராவின் கையில் இருந்தது முட்டைகள் மட்டுந்தான். அவளுக்கென்று ஒரு பெட்டைக்கோழி இருந்தது. அதன் பெயர் சண்டைக்காரி. ஊரில் எல்லாரையும் கொத்தும். ஆனால் ஒழுங்காக முட்டை இடும்.

முதலில் கடைக்குப் போனாள். அங்கே ஒரு சிலேற் இருந்தது. ஒரு மூலை உடைந்தது, அளவிலும் சின்னது. அதில் யானை கீறினால் தும்பிக்கை வெளியில்தான் நிற்கும். அதற்குப் பக்கத்தில் மாயச் சிலேற் ஒன்று தொங்கியது. மேலே இருக்கும் மெல்லிய தாளைத் தூக்கினால் கீறியது தானாக மறைந்துவிடும். சுமித்திராவுக்கு அதைப் பார்த்ததும் வாய் திறந்துவிட்டது.

"வாயை மூடு, பிள்ளை," என்றார் கடைக்காரர். "உன்ர கோழியையே கொண்டு வந்தாலும் அதுக்குக் காணாது."

அடுத்த வீட்டில் பெரியப்பாவின் மகன் அஜந்தன் இருந்தான். அவனும் ஓவிய வகுப்புக்குப் போகிறவன். பெட்டிப் பலகை ஒன்றில் பழைய பற்றரிக் கரியை அரைத்துப் பூசி வைத்திருந்தான்.

"எப்பிடி என்ர பலகை?" என்று கேட்டான்.

பலகையில் பாதிக் கறுப்புத்தான் இருந்தது. மீதி அஜந்தனின் மூக்கிலும் சட்டையிலும் இருந்தது.

"நல்லாய்த்தான் இருக்கு. பலகையைவிட உன்ர மூக்கிலதான் நல்லாய்ப் பிடிச்சிருக்கு," என்றாள் சுமித்திரா.

மறுநாள் நல்லதம்பி சைக்கிளில் வந்தார். பழைய போத்தல், தகரம், ஈயம் எல்லாவற்றையும் வாங்கி, வேறு சாமான் மாற்றிக் கொடுப்பவர் அவர். சாக்குக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சொருகியிருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. ஜன்னலில் இருப்பதுபோல, ஊடாகத் தெரிகிற வெறுங்கண்ணாடி. ஓரமெல்லாம் மழுங்கி, கையை வெட்டாமல் இருந்தது.

சுமித்திரா யோசித்தாள். லாம்புக் கண்ணாடியில் கரி பிடித்திருந்தபோது அவள் விரலால் பூக் கீறி, அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அந்தப் பூ எவ்வளவு வடிவாக வந்தது! சட்டியின் அடியில் இருக்கிற கரியை ஒரு துளி எண்ணெயோடு குழைத்து இந்தக் கண்ணாடியில் பூசினால்? ஈர்க்குக் குச்சியால் கீறினால் கோடு விழும். துணியால் துடைத்தால் மறையும். பெரிதாகவும் இருக்கிறது. ஏழைகளின் மாயச் சிலேற்!

கண்ணாடியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நடுவில், சற்று மேலே, மங்கலாக ஒரு வட்டப் புள்ளி. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

"நல்லதம்பியண்ணை, இதில பழுது இருக்கு. ஒரு முட்டை குறையுங்கோ."

"உந்த ஊசி முனைப் புள்ளிக்கோ?"

"புள்ளி எண்டாலும் பழுதுதானே?"

நல்லதம்பி சிரித்தார். "கொப்பர் மயில்வாகனம் நெல் விக்கேக்கையும் இப்பிடித்தான் ஒரு சொல்லிலயே நிப்பார். சரி, கொண்டா."

அன்று பின்னேரம் முழுவதும் சுமித்திரா கீறினாள். பூக் கீறி அழித்தாள். சண்டைக்காரியைக் கீறி அழித்தாள். இருட்டத் தொடங்கியதும் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அந்தப் புள்ளியை இரண்டு மடங்கு தேய்த்தாள். அது அசையவில்லை. கண்ணாடியை வாசல் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மார்கழி மாதம். விடியும்போது வயல் தெரியவில்லை, வேலி தெரியவில்லை, எல்லாம் பனிமூட்டம். நாய்கூடக் குரைக்கவில்லை. முகம் கழுவ வெளியே வந்த சுமித்திரா, வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் சாத்தியிருந்த கண்ணாடியிலிருந்து ஒரு பெண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை வகிடு எடுத்து வாரியிருந்தாள். காதில் தோடு. ஆனால் ஏதோ பிழையாக இருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய தலைமயிர் வெள்ளையாகத் தெரிந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் இருண்டு கிடந்தது. கண்கள் இரண்டும் வெளுத்து, இமைக்காமல் நேரே பார்த்தன.

சுமித்திரா இடப்பக்கம் நகர்ந்தாள். அந்தக் கண்களும் அவளோடு வருவதுபோல் இருந்தது. வலப்பக்கம் நகர்ந்தாள். அப்போதும் விடவில்லை.

கத்த வாயைத் திறந்தாள். அந்த நேரம் வேப்பமரத்துக்கு மேலாக வெயில் எட்டிப் பார்த்தது. பெண்ணின் நெற்றி முதலில் மறைந்தது. பிறகு மூக்கு. கடைசியாக வாய். வெறுங்கண்ணாடியும், நெற்றி இருந்த இடத்தில் அந்தப் புள்ளியும் மட்டுமே மிஞ்சின.

பள்ளிக்கூடம் விட்டதும் அஜந்தனைக் கூட்டி வந்தாள். அவன் கால்சட்டைப் பையில் ஒரு பெரிய ஆணி இருந்தது.

"உது ஏன்?" என்று கேட்டாள்.

"பேய்க்கு இரும்பெண்டால் பயம். எனக்கில்லை, சும்மா காவலுக்கு."

கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. "கனவு கண்டிருப்பாய்," என்றான் அஜந்தன் துணிச்சலாக.

சுமித்திரா யோசித்தாள். காலையில் கண்ணாடி பனியில் நனைந்திருந்தது. வெயில் பட்டு ஈரம் காய்ந்ததும் முகம் போய்விட்டது. அப்படியென்றால்? குனிந்து, கண்ணாடியில் மெதுவாக "ஹா" என்று ஊதினாள்.

வெள்ளையாக ஒரு கண் திறந்தது.

அஜந்தன் போன வேகத்தில் ஆணி கீழே விழுந்தது. எடுக்கத் திரும்பி வரவில்லை.

அவன் போட்ட சத்தத்தில் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா விமலேஸ்வரி ஓடி வந்தார். சுமித்திரா இன்னொரு முறை ஊதிக் காட்டினாள். அம்மா சட்டென்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு கண்ணாடியில் இருந்த புள்ளியைப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, உது பழுதில்லை. பொட்டு! செத்த ஆக்கின்ர படத்துக்கு நெத்தியில சந்தனம் வைக்கிறனாங்கள் எல்லோ? அதுதான் வருசக்கணக்கில ஊறிப் போய் இருக்கு. இது ஆரோ ஒருத்தரின்ர வீட்டுப் படக் கண்ணாடி. படம் ஒட்டிக்கொண்டு இருந்து இருந்து, முகம் கண்ணாடியில இறங்கியிருக்கு."

ஒருவரின் நெற்றிப் பொட்டைக் காட்டியா சுமித்திரா ஒரு முட்டை குறைத்தாள்? அதைச் சாம்பல் போட்டு வேறு தேய்த்தாள்.

"வீட்டுக்குள்ள வைக்க வேண்டாம்," என்றார் அம்மா. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அஜந்தன், "உடைச்சுப்போடுங்கோ, சித்தி!" என்று கத்தினான்.

வயலிலிருந்து வந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"உடைக்கிறதோ? ஒரு குடும்பம் விளக்கு வச்சுக் கும்பிட்ட முகம். அது எங்கட முற்றத்தில உடைஞ்சதெண்டு பேர் வரக் கூடாது. நாளைக்கு நல்லதம்பியிட்டத் திருப்பிக் குடுத்திட்டு முட்டையை வாங்கு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்லதம்பி தாராளமாகச் சம்மதித்தார்.

"தா பிள்ளை. எனக்கென்ன? நாலு துண்டாய் வெட்டி நாலு பேருக்கு வித்துப்போடுவன்."

கொடுக்க நீட்டிய கையைச் சுமித்திரா இழுத்துக்கொண்டாள். ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் கண் இருக்கும். இன்னொரு வீட்டில் வாய் இருக்கும். காலைப் பனியில் ஒரு கண் மட்டும் திறந்து, மற்றக் கண் எங்கே என்று தேடும்.

"வேண்டாம், நல்லதம்பியண்ணை. இதை ஆரிட்ட வாங்கினீங்கள்?"

"குளக்கட்டுக்கு அங்கால, இடம்பெயர்ந்து வந்த சனத்தின்ர கொட்டில்கள் இருக்கெல்லோ? அங்க வீரம்மா எண்டு ஒரு மனுசி. ஒரு அலுமினியச் சட்டிக்கு மாத்தினவா. படம் இல்லை, வெறுங்கண்ணாடி எண்டுதான் தந்தவா."

வெறுங்கண்ணாடி என்றா? அப்படியானால் அந்த வீரம்மாவுக்கும் தெரியாது.

நல்லதம்பி போனதும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்ட அஜந்தன் மெல்ல வந்தான். இந்த முறை இரண்டு பையிலும் ஆணி இருந்தது.

"கண்ணாடியை அந்த வீரம்மாவிட்டக் குடுத்தால் நாளைக்கு வகுப்புக்கு என்னத்தைக் கொண்டு போவாய்?" என்று கேட்டான். "முகத்தைப் பாத்துக் கீறி, அந்தக் கீறலை அவாட்டக் குடு. கண்ணாடியை நீ வச்சிரு."

அது நல்ல யோசனைபோலத்தான் இருந்தது. ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு சுமித்திரா வீட்டுக்குப் பின்னால், வெளிச்சம் குறைந்த மூலையில் உட்கார்ந்தாள். ஒரு மூச்சு, ஒரு கோடு. இன்னொரு மூச்சு, இன்னொரு கோடு. முகம் வரும், பார்க்கும், போகும். அவள் வாய் கண்ணாடிக்கு அவ்வளவு கிட்ட இருந்தது. ஒருமுறை அவள் ஊதுவதை நிறுத்திய பிறகும் கண்ணாடி கொஞ்ச நேரம் மங்கலாகவே இருந்தது. மறுபக்கத்திலிருந்து யாரோ ஊதுவதுபோல.

சுமித்திரா கண்ணை மூடித் திறந்தாள். பயந்தாள்தான். ஆனால் எழுந்து ஓடவில்லை. நெடுநேரம் பார்த்ததில் அந்த முகம் கோபமாக இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டிருப்பதுபோலத்தான் இருந்தது.

கீறி முடித்துப் பார்த்தாள். தோடு சரி, வகிடு சரி. வாய் மட்டும் அஜந்தன் பால் குடிக்கமாட்டேன் என்று உம்மென்று இருப்பதுபோல் வந்திருந்தது.

"நல்லாய்த்தானே இருக்கு," என்றான் அஜந்தன்.

"உன்ர அம்மாவின்ர படம் துலைஞ்சு, ஒருத்தி இதைக் கொண்டுவந்து தந்தால் உனக்குக் காணுமோ?"

சுமித்திரா கண்ணாடியைச் சேலைத் துண்டு ஒன்றில் சுற்றிக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இதை வீரம்மா எண்டவாட்டக் குடுக்க வேணும். அவாவுக்கு இதுக்குள்ள முகம் இருக்கிறது தெரியாது."

"குடுத்தால் நாளைக்குக் கீற ஒண்டும் இல்லையே?"

"இல்லைத்தான்."

அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். "தனியப் போக வேண்டாம். நானும் வாறன்."

குளக்கட்டில் காற்று இல்லை. தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. சுமித்திராவின் கையில் இருந்த பொதி வரவரப் பாரமாவதுபோல் இருந்தது. கட்டு முடிந்த இடத்தில் ஓலைக் கொட்டில்கள் வரிசையாகத் தெரிந்தன.

வீரம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். மெலிந்த பெண். வெள்ளைச் சால்வையைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"வாங்கய்யா. என்னாங்க, என்ன வேணும்?"

அப்பா வாசலிலேயே விறைப்பாக நின்றார். "பிள்ளைதான் உங்களைக் காண வந்தது."

சுமித்திரா துணியை விரித்தாள். "வீரம்மாக்கா, இது நீங்கள் நல்லதம்பியண்ணைக்குக் குடுத்த கண்ணாடிதானே?"

"ஆமா பாப்பா. எங்கம்மா படத்துக் கண்ணாடி. கிளிநொச்சிய விட்டு ஓடி வர்றப்ப ஒரே மழை. படம் ஊறி, கஞ்சியாக் கரைஞ்சு போச்சு. வெறுங்கண்ணாடிய வச்சுக்கிட்டு என்னா பண்றது? சட்டிக்குக் குடுத்திட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "எம்புள்ளைங்க எங்கம்மாவப் பாத்ததே இல்ல. நமக்கே இப்பல்லாம் மூஞ்சி சரியா நெனப்புக்கு வர மாட்டேங்குது."

"ஒருக்கா ஊதுங்கோ, அக்கா."

"என்னாது?"

"அடுப்பை ஊதிற மாதிரி இல்லை. மெல்லமாய். ஹா எண்டு."

வீரம்மா ஒன்றும் புரியாமல் குனிந்தார். ஊதினார்.

அடுப்பில் விறகு வெடித்தது. கண்ணாடியில் நெற்றி வந்தது; கண் வந்தது; வாய் வந்தது. சுமித்திரா கீறியபோது பிழையாக வந்த அந்த வாய், இப்போது கிட்டத்தட்டச் சிரிப்பதுபோல் இருந்தது.

"அம்மா," என்றார் வீரம்மா. மெதுவாக, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல.

முகம் மறைந்தது. அவர் மறுபடி ஊதினார். மறுபடி வந்தது. அதற்குள் அவருடைய பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "நான் ஊதுறேன்! நான் ஊதுறேன்!" என்று ஒரே கூச்சல். சின்னவன் ஊதியதில் பாதி துப்பல்.

"அம்மாயி மூஞ்சில துப்பாதடா!" என்று வீரம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த அலுமினியச் சட்டியை எடுத்து வந்தார். "இந்தாங்கய்யா. சும்மா வாங்க மாட்டேன். இதக் கொண்டு போங்க."

"சட்டி வேண்டாம்," என்றார் அப்பா. "உங்கட பொருள் உங்களிட்ட வந்திருக்கு."

"பாப்பா சாமான் குடுத்துத்தானே வாங்கிச்சு? நாங்க கஸ்டப்பட்டவங்கதான். ஆனா ஓசியில வாங்கினவங்க இல்லீங்க."

"நாங்களும் ஒருத்தரின்ர சோத்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாக்கள் இல்லை."

வீரம்மா சட்டியை நீட்டினார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே மாதிரி நிமிர்ந்து நின்றார்கள். விட்டால் விடியும்வரை நிற்பார்கள் போலிருந்தது.

சுமித்திரா கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர்ப் பானையை மூடியிருந்த மெல்லிய பலகை கண்ணில் பட்டது. ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன ஆணித் துளைகள். அளவு அந்தக் கண்ணாடிக்கு ஒத்த அளவு.

"வீரம்மாக்கா, அந்தப் பலகை படத்துக்குப் பின்பக்கம் அடிச்சிருந்ததோ?"

"ஆமா பாப்பா. இப்ப மூடியா வச்சிருக்கேன்."

"எனக்கு அது காணும். கண்ணாடிக்குப் பலகை. பானைக்கு நான் ஓலையில மூடி இழைச்சுத் தாறன்."

வீரம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா வீரம்மாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

"இது முறையான மாத்து," என்றார் அப்பா கடைசியில்.

"அப்ப உள்ள வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க, ஐயா."

அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு கண்ணாடி சாத்தியிருந்த இடத்தைப் பார்த்தார். தோளில் இருந்த சால்வையை எடுத்தார். கோயில் வாசலில் செய்வதுபோல இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தார். அவர் குனிந்ததைச் சுமித்திரா அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டாள்.

சனிக்கிழமை மாமரத்தின் கீழே பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். சுமித்திராவின் பலகை சட்டிக்கரி பூசி, நன்றாகக் காய்ந்து, கறுகறுவென்று இருந்தது. அஜந்தன் அதில் ஒரு விரலை வைத்துப் பார்த்தான். விரலில் ஒட்டவில்லை. அவனுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளின்ர முகத்தைக் கீறுங்கோ," என்றார் ஜெயரூபி ரீச்சர்.

சுமித்திரா வெண்கட்டியை எடுத்தாள். வகிடு, தோடு, கண். கை தானாகவே போயிற்று. இந்த முறை வாய் பிழையாக வரவில்லை.

ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டு வந்த ரீச்சர், அவளுக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"இதார் பிள்ளை? உன்ர அம்மம்மாவோ?"

"இல்லை, ரீச்சர். வீரம்மாக்கா எண்டு ஒரு ஆளின்ர அம்மா. அவா செத்துக் கனகாலம்."

"அப்ப நீ எங்க அவாவைக் கண்டனீ?"

சுமித்திரா ஒரு நிமிடம் யோசித்தாள். பொய் சொல்லக் கூடாது.

"கிட்ட இருந்து கண்டனான், ரீச்சர்," என்றாள். "மூச்சுப் படுற தூரத்தில."